இரண்டு காதும் தெரிய வேண்டும்

சிலோங்கோ கிராமம்,
லுவாங்வா ஆற்றங்கரை.
வியாழக்கிழமை காலை.

எங்கள் திருமணத்துக்குப் பொறுப்பேற்று நின்றவரும், உங்கள் குடும்பத்துக்குத் தலைவரும், லுசாகா மாநகரில் டயர் வியாபாரம் செய்து புகழோடு விளங்குபவருமாகிய பெரிய மச்சான் வைட்சன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெலிபாவின் கணவன் லாக்சன் ந்ஜோவு முழங்காலிட்டுக் கைதட்டி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் எப்படியோ தெரியாது. நீங்களும் நலம் என்றால் நாங்கள் இன்னும் கொஞ்சம் நலம்.

செவ்வாய்க்கிழமை ஜெலிபா உங்களுக்குப் போன் செய்து அரை மணி நேரம் அழுதது எனக்குத் தெரியும். கேமரா இப்போது அவளுடைய தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டிச் சாவி அவள் கழுத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து பஞ்சாயத்து செய்து அதைச் சிப்பாட்டாவில் யாருக்காவது தள்ளிவிட வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். அது அவள் பக்கம். என் பக்கத்தைப் போனில் சொல்ல வழியில்லை, ஏனென்றால் என் போன் மண்ணுக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று பின்னால் வரும். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பஞ்சாயத்தில் நீங்கள் எழுந்து நின்று, "கேமராவை அவர்கிட்ட குடுத்துடு" என்று சொல்ல வேண்டும். வேறு எந்தத் தீர்ப்புக்கும் நான் கட்டுப்பட மாட்டேன் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோரு வருடம் சிப்பாட்டா பஸ் நிலையத்துக்கு எதிரே பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். உங்களுக்கும் நான்தான் எடுத்தேன். ஏழு தடவை சிரித்து ஏழு படத்தையும் கெடுத்தீர்கள், நான் ஒரு வார்த்தை சொன்னேனா? வெள்ளைத் துணிக்கு முன்னால் முக்காலி, முகம் நேராக, பல் தெரியாமல், இரண்டு காதும் தெரிய வேண்டும். என் படம் சரியில்லை என்று ஒரு அலுவலகமும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் மச்சான், ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் முக்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எங்கேயோ கிளம்பிப் போகிறவர்கள். ஜோஹன்னஸ்பர்க், துபாய், லண்டன் என்று போனார்கள், படமும் கூடவே போனது, ஒருத்தரும் திரும்பி வந்து "நல்லா இருந்துச்சு லாக்சன்" என்று சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு ஜெலிபாவின் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. எங்கேயும் போகாத யாரையாவது படம் எடுத்து அதை என் சொந்தச் சுவரில் மாட்ட வேண்டும். இந்த ஊரில் அப்படி இருப்பது யானைகள்தான். அதுவும் போக, நான் ந்ஜோவு என்ற யானைக் குலத்தில் பிறந்தவன். யானை பேரை வைத்துக்கொண்டு யானைக்குப் பயப்பட்டால் செத்துப்போன என் மாமன்மார் என்னை என்ன நினைப்பார்கள்?

தனியாகப் போனது தப்பு என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. வனக்காவலர் மாட்டியாஸ் வீட்டு வாசலுக்கே வந்து, "ஐயா, தனியா போவாதீங்க. தொரத்த வர்ற யானையப் பாத்து படம் எடுத்தவன் அத அச்சுப் போட்டுப் பாத்ததா சரித்திரமே இல்ல. நான் துப்பாக்கியோட கூட வர்றேன்" என்று சொன்னது உண்மை. நான் வேண்டாம் என்றதும் உண்மை. ஆனால் காரணத்தை ஜெலிபா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மாட்டியாஸ் ஆறடி உயரம். எங்கே நிறுத்தினாலும் படத்தில் பின்னால் வருவான். பின்னணியில் வேறு ஆள் தலை தெரிகிற படத்தை நான் வாழ்நாளில் எடுத்ததில்லை, இனியும் எடுக்கப்போவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, வீட்டு வெள்ளைத் துணி. திங்கட்கிழமை காலை அதை ஆற்றங்கரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, முக்காலியைப் போட்டு, யாராவது வந்து அதன் முன்னால் நிற்கட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தது பபூன் குரங்குகள். நிற்கச் சொன்னால் நிற்கிற ஜாதியா அது? பெரியது ஒன்று துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பாதிரியார் மாதிரி மரத்தில் ஏறிவிட்டது, மற்றவை எல்லாம் பின்னாலேயே சபை மாதிரி ஏறிவிட்டன. துணி இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமென்றால் ஜெலிபாவைப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி யானை. துணி போன துக்கத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்று வளைவைத் தாண்டினேன், அங்கே ஒரு பெண் யானை பக்கவாட்டில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நான் இருபதடி தூரத்தில் முக்காலியைப் போட்டுத் தொண்டையைக் கனைத்து, பழக்க தோஷத்தில், "இங்க பாருங்கம்மா. நேரா. தாடையக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன். திரும்பிப் பார்த்தது. முப்பத்தோரு வருடத்தில் இப்படிச் சொன்னபடி கேட்ட ஆளை நான் கண்டதில்லை. ஆனால் காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. "காது, காது! ரெண்டு காதும் தெரியணும்" என்று என் காதுகளை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன். மச்சான், அந்த அம்மா தலையைத் தூக்கி, இரண்டு காதையும் கதவு மாதிரி விரித்துப் பிடித்தாள்! நான் சந்தோஷத்தில், "அப்படியே! அசையாதீங்க! சிரிக்காதீங்க!" என்று கத்தினேன். காதை விரித்தால் யானை அடிக்க வருகிறது என்று அர்த்தமாம், இந்த ஊரில் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியுமாம். நான் பஸ் நிலையத்து ஆள், எனக்கு எப்படித் தெரியும்? பொத்தானை அழுத்துகிற நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள், நானும் கிளம்பிவிட்டேன், முக்காலி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அறுபத்து மூன்று வயதில் மரச்சுரை மரத்தில் எப்படி ஏறினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஏறிய பிறகு கீழே பார்த்தால் அவள் என் போன் மேல் நின்றுகொண்டிருந்தாள். அப்போது பார்த்து அது அடித்தது. ஜெலிபாதான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவைதான் அடித்தது.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். பொய் சொல்வானேன், மூத்திரம் போனது. உலக்கை உலக்கையாகத் தொங்குகிற காய்களுக்கு நடுவே ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கேமராவைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் போகவே இல்லை. நான் இங்கே இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது. இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், பஞ்சாயத்தில் எடுத்துவிடாதீர்கள்.

அந்த நேரத்தில்தான் பாதையில் ஒரு பெண்மணி வந்தார். யாரென்று பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களைப் பெற்றவர். எங்களுக்குள் உள்ள விலக்கு உங்களுக்குத் தெரியும். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே பாதையில் நடக்கக் கூடாது, அதைத் தீர்க்கும் விருந்தை நான் இருபத்தாறு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன், தப்பு என் மேல்தான். அவர் பார்த்த உடனே சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, புதருக்குப் பின்னால் மண்டியிட்டு, மெதுவாகக் கைதட்டி, மரத்துக்கு வணக்கம் சொன்னார். பெரியவர்கள் கைதட்டி வணக்கம் சொன்னால் பதிலுக்கு இரண்டு கையாலும் தட்ட வேண்டுமா இல்லையா? நான் மரியாதை தெரிந்தவன். தட்டினேன். பிடி விட்டு, கீழே அடுத்த கிளைக்கு வந்துவிட்டேன். யானை என் பாதத்தை முகர்ந்து பார்த்தது.

உங்கள் தாயார் மரத்திடம் பேசினார்: "ஏ மரமே, ஒம் மேல காய்ச்சிருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கவும் இல்ல. ஆனா அவரு யானைக் குலத்துக்காரருன்னா, கீழ நிக்கிறது அவரு சின்னம்மாவாத்தான் இருக்கும். கஞ்சி குடிச்சுட்டு போகச் சொல்லச் சொல்லு."

நானும் மரத்திடமே, "மரமே, வேடிக்கைக்கு இது நேரமில்லன்னு சொல்லு" என்றேன்.

"மரமே, இன்னொரு தடவ கைதட்டிடாதன்னு சொல்லு" என்றார் அவர்.

அதன்பின் அவர் சோளக் காவலுக்குக் கொண்டுபோகிற மிளகாய்க் கட்டியை எடுத்தார். யானைச் சாணத்தில் மிளகாயைப் பிசைந்து காயவைத்த அந்தக் கட்டியைக் காற்று வாக்கில் வைத்துப் பற்றவைத்தார். யானை ஒரு தும்மல் போட்டது பாருங்கள், ஆறே அதிர்ந்தது. அவள் ஆற்றைப் பார்த்துப் போய்விட்டாள். புகை மேலே எனக்கும் வந்தது. நான் பதினேழு தும்மல் தும்மி, கண் தெரியாமல், சறுக்கி இறங்கி வந்தபோது உங்கள் தாயார் என் முக்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். போகிற போக்கில் ஒரு கரையான் புற்றிடம், "அந்தப் படப் பொட்டியில ரெண்டு காதும் விழுந்துச்சான்னு கேளு" என்றார். ஏன் கேட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விழவில்லை மச்சான். அதுதான் என் நெஞ்சில் முள். வலது காது முழுசாக இருக்கிறது, இடது காது பாதிதான். ஜெலிபா அந்தப் படத்தைப் பார்த்தாள். காதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "மூஞ்சி இவ்ளோ பெருசா விழுந்திருக்குன்னா நீங்க எவ்ளோ கிட்ட நின்னீங்க? செத்திருந்தா இந்தப் படத்தையா நான் பக்கத்துல வச்சு அழுவுறது?" என்று கேட்டாள், பெட்டியைப் பூட்டினாள், அன்று எனக்கு ன்ஷிமாக் களியோடு குழம்பு இல்லை, வெறும் உப்பு.

ஆகவே என் முடிவில் மாற்றமில்லை. காது விழாத படத்தை மறுபடி எடுத்தே தீர வேண்டும். தனியாகப் போவதில் ஒரு ஆபத்தும் இல்லை, இருந்ததெல்லாம் அனுபவக் குறைவு, அது திங்கட்கிழமையோடு தீர்ந்தது. கூட ஆள் வந்தால் இருமுவான், பேசுவான், பின்னணியில் நிற்பான். காட்டில் தனி மனிதனுக்குத் தொந்தரவு தருவது சொந்தக்காரர்கள்தானே தவிர மிருகங்கள் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. நாளைக்கே போகச் சொன்னாலும் போவேன்.

உங்கள் கூரை ஒழுகாமலும், உங்கள் மாவுப் பானை காலியாகாமலும், உங்கள் டயர்கள் மற்றவர் வண்டியில் மட்டும் வெடித்தும், நீங்கள் நீடூழி வாழ வேண்டும். உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் கைதட்டல்கள். முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்காமல் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அடங்காத தங்கை புருஷன்,
லாக்சன் ந்ஜோவு.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிற பஸ் நிற்கிறது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறான், அவசரமாக எழுதுகிறேன். பெட்டி திறந்திருக்கிறது, கேமராவைக் காணோம். ஜெலிபாவே எடுத்து அம்மா கையில் கொடுத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்! உங்க அம்மாவோட சோளத்தைத் தின்றது எந்த யானை என்று மாட்டியாஸ் அடையாளம் கேட்டுக்கொண்டே இருந்தானாம், அதற்கு இடது காதில் கிழிசலாம், என் படத்தில் அந்தக் காதுதானே விழவில்லை, அதனால் முழுசா ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்னு விடிஞ்சதும் முக்காலியோட போயிட்டாங்க. தனியா! எழுபத்தஞ்சு வயசு! ஜெலிபாவும் போனை எடுத்துக்கிட்டு மாவு மில்லுக்குப் போயிட்டா. புத்து மேல ஏறிப் பாத்தேன், ஆத்து வளைவுல அவங்க சிவப்புத் துணி மட்டும் தெரியுது, அதுக்குப் பின்னால எதுவோ சாம்பலா அசையுது. முறை கெடாம முன்னூறு அடி தள்ளி, மூஞ்சத் திருப்பிக்கிட்டு, தகரத் தட்ட தட்டிக்கிட்டே பின்னால போறேன், மாட்டியாஸையும் துப்பாக்கியோட இழுத்துக்கிட்டுப் போறேன், அவன் பின்னணியில நின்னா நிக்கட்டும். ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே பஸ் ஏறுங்க. விருந்துக் கோழிய நான் புடிச்சு வைக்கிறேன். காட்டுக்குள்ள ஒருத்தர் தனியா போனா என்னெல்லாம் ஆகும்னு உங்க அம்மாகிட்ட நான் வாயத் தொறந்து சொல்ல முடியாது, நீங்கதான் நல்லா ஒறைக்கிற மாதிரி எடுத்துச் சொல்லணும். மேல நான் எழுதியிருக்கிற எதையும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டிடாதீங்க.