நாலு போல்ட், நாலு தலை

"இந்தச் சக்கரத்தைக் கழற்றாம எழுந்திருக்க மாட்டேன்" என்று வரதராஜன் கார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு மணிக்குத் திருமுல்கேரியில் மகள் ஹர்ஷிதாவுக்கு டிரைவிங் டெஸ்ட். அவளுடைய எல்.எல்.ஆர். இன்றோடு காலாவதி. டெஸ்டுக்குக் கார் கொண்டுபோக வேண்டும். காரோ போலாரம் அபார்ட்மென்ட் வாசலில், விசிட்டர் இடத்தில், ஒரு டயர் சப்பையாகி நின்றது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி அலமு.

"முப்பது வருஷம் டிஃபென்ஸ் ஃபேக்டரியில இன்ஸ்பெக்டரா இருந்தவன். ஒரு பஞ்சருக்கு மெக்கானிக்கா?"

அந்த முப்பது வருஷம்தான் வினை. திருடன் சக்கரத்தைக் கழற்றிவிடக் கூடாதென்று நாலு போல்ட்டையும் நாலு தினுசாக மாட்டியிருந்தார். ஒன்று சாதாரண ஆறு பட்டைத் தலை. ஒன்றில் ஆலன் கீ நுழையும் குழி. ஒன்றில் நட்சத்திரக் குழி. நாலாவது, தனிச் சாவி போட்டால்தான் திரும்பும். திருடன் நாலு கருவியோடு வரவேண்டும். இப்போது அவருக்கும் அதே கதி.

வாட்ச்மேன் யாதகிரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், ஒரு விஷயம்..."

"நக்கோ! வேலை நேரத்துல பேசாதே. ஸ்பேனரை எடு."

முதல் போல்ட் சமத்தாக வந்தது. ஆலன் கீ ஒரு சைஸ் சின்னது. தகரத்தைச் சொருகித் திருகினார். குழி வட்டமாகிவிட்டது. நட்சத்திரத்துக்குள் ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கினார். அதன் முனை உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டது.

"டாடி, பத்தே கால்! ஜல்தி!" ஹர்ஷிதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"நாலாவது சாவி எங்கே?" என்றாள் அலமு.

"திருடன் கண்ணுல படாத இடத்துல வச்சேன்."

"எங்கே?"

"அதான் என் கண்ணுலயும் படல."

"சார், அந்த டயர்..." என்றார் யாதகிரி.

"சுத்தியலை எடு!"

உளியை வைத்து ஓங்கி அடித்தார். மூன்று போல்ட்டின் தலையும் ஒவ்வொன்றாகத் தெறித்தது. ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கியதும், பத்தே முக்காலுக்குச் சக்கரம் கையோடு வந்தது. வரதராஜனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஸ்டெப்னியை எதால மாட்டுவீங்க?" என்று கேட்டாள் அலமு.

அவர் தலையில்லாத போல்ட்டுகளைப் பார்த்தார். ஹர்ஷிதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போ" என்று சக்கரத்தை யாதகிரியிடம் உருட்டினார்.

"பஞ்சரே இல்ல சார். விசிட்டர் எடத்துல நிக்கிற வண்டி யாருதா இருந்தாலும் காத்தைப் பிடுங்குன்னு, செக்ரட்டரி நீங்கதானே நேத்து மீட்டிங்ல ஆர்டர் போட்டீங்க?"