பாலத்தைப் படம் எடுக்கச் சொன்ன சம்பந்திக்கு

சேசு மரி சூசை துணை

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
செப்டம்பர் 1986, ஞாயிறு மதியம்

இதே சிங்கப்பூரின் பிடோக்கில் சுகமாக வீற்றிருக்கும் அன்புள்ள சம்பந்தி ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு, இயேசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி பிரிஜட்டும் இலங்கையிலிருந்து முழு உடம்போடு திரும்பிவிட்டோம். உங்கள் இரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அது அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இன்று காலை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும், "என்ன சம்பந்தி, நான் சொன்னபடியே செஞ்சீங்களா? ஒண்ணும் ஆகலைல?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ் எதுவும் அப்போது வரவில்லை. என் மகள் உங்கள் வீட்டு மருமகள். அதனால் கோயில் வாசலில் உங்களிடம் குரல் உயர்த்த முடியாது. பேனாவுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பிரிஜட்டின் தங்கை பிலோமினம்மாள் மன்னார் பக்கம் ஒரு சிற்றூரில் வாக்கப்பட்டுப் போனவள், அங்கேயே மருத்துவச்சி வேலை பார்ப்பவள், போன வருஷம் புருஷனையும் பறிகொடுத்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். ரேடியோவில் இலங்கைச் செய்தி வரும்போதெல்லாம் பிரிஜட் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிடுவாள். போய் அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று நாங்கள் முடிவு செய்தபோது, சாமியார் வேண்டாம் என்றார், டாக்டர் வேண்டாம் என்றார், தேக்கா மார்க்கெட்டில் எனக்கு மீன் வெட்டித் தருகிறவர்கூட வேண்டாம் என்றார். நீங்கள் ஒருவர்தான், நம் சிங்கப்பூர் 'லா'வைப் போட்டு, "நான் அங்க போயிருக்கேன் லா, பயமே வேணாம்" என்றீர்கள். நீங்கள் போனது இருபது வருஷத்துக்கு முன்னால், மாதா திருவிழாவுக்கு. அந்தப் பயணத்தில் உங்களுக்கு நேர்ந்த பெரிய ஆபத்து, உங்கள் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போனதுதான். இதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பயந்து கிடக்கிறவனுக்குத் தைரியமாகப் பேசுகிறவன்தான் வைத்தியன் மாதிரி தெரிகிறான். "டூரிஸ்ட் மாதிரி போங்க. தொப்பி போடுங்க, என் கேமராவைக் கழுத்துல மாட்டுங்க, வழியெல்லாம் படம் எடுங்க, யாரும் சந்தேகப்பட மாட்டான். தமிழ் பேசவே பேசாதீங்க, இங்கிலீஷ்தான். தண்ணில கிருமி மாத்திரை போட்டுக் குடிங்க, இல்லாட்டி பாட்டில்ல அடைச்சதெல்லாம் சுத்தம். சத்தம் கேட்டா எட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று நீங்கள் சொன்ன அத்தனையையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கொழும்பிலிருந்து பாதி வழி ரயில், மீதி வழி பஸ். பஸ்ஸில் நான் ஒருவன்தான் தொப்பி. பிரிஜட்டுக்கு முன் வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஒரு பாலம் வந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் குறைவு, எருமைகள் படுத்திருந்தன. உங்களை நினைத்துக்கொண்டு சன்னல் வழியாக ஒரு படம் எடுத்தேன். ஓர் எருமை தலையைத் திருப்பியதால் இன்னொன்றும் எடுத்தேன். பஸ்ஸில் பேச்சு சட்டென்று அடங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண், முகத்தைத் திருப்பாமலே, "ஐயா, அதை உள்ளுக்க வையுங்கோ" என்றாள். உங்கள் உத்தரவுப்படி நான் ஆங்கிலத்தில், சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

பாலம் முடிந்த இடத்திலேயே சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி மூட்டை முடிச்சோடு வரிசையாக நடக்க வேண்டும், பஸ் தனியாக வரும். என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்த சிப்பாய் என்னை மட்டும் தகரக் கொட்டகைக்குள் அனுப்பினான். உள்ளே ஓர் அதிகாரி. ரொம்ப அமைதியான மனுஷன். எதற்காகப் பாலம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எருமைக்காக என்றேன். உண்மை அதுதான். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள் சம்பந்தி, அதைப்போலப் பச்சைப் பொய்யாகக் கேட்கிற உண்மை வேறு கிடையாது. யார் எடுக்கச் சொன்னது என்றார். சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தையே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மகளுடைய கணவனுடைய தகப்பன் என்றேன். அவர் இப்போது எங்கே என்றார். பிடோக் என்றேன். அவர் பென்சிலை எடுத்து, பிடோக் என்பது எந்தப் பக்கத்து முகாம் என்று கேட்டார்.

வெளியே வெயிலில் எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் என் ஒருவனுக்காக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் இளவட்டங்களை மட்டும் தனியாக நிறுத்தி மறுபடியும் விசாரிக்கத் தொடங்கியது கொட்டகையின் ஓட்டை வழியாகத் தெரிந்தது. அப்போது பிரிஜட், வாசலில் நின்ற சிப்பாயின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். "சார், ஹி ரிட்டயர்டு லா! டெலிபோன்ல வேலை பாத்தவர்! எல்லாத்தையும் போட்டோ எடுப்பார் சார், பூனையைக்கூட எடுப்பார்!" என்று பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அழுதாள். அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உங்கள் கேமராவின் முதுகைத் திறந்து, படச்சுருளை நாடா மாதிரி உருவித் தரையில் போட்டார். போகும்போது தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்: "அங்கிள், அடுத்த இடத்தில் நிற்கிறவன் கேள்வி கேட்க மாட்டான்."

பஸ்ஸில் திரும்ப ஏறியபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்தது உங்கள் தண்ணீர் மாத்திரை. பயத்தில் நான் அதைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன். பிரிஜட் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏங்க, இது தண்ணியா, நம்ம குவீன்ஸ்டவுன் ஸ்விம்மிங் பூலா?" என்று துப்பிவிட்டாள். பாட்டிலில் அடைத்ததெல்லாம் சுத்தம் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, பஸ் நின்ற கடையில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் கரிசனமாகக் கண்ணாடிக் கிளாஸில் ஐஸ் உடைத்துப் போட்டு ஊற்றினார். ஐஸ் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பிலோமினம்மாள் வீட்டு வாசலை மிதிக்கும்போதே பிரிஜட்டுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் கண் உள்ளே போய், தோல் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. பிலோமினம்மாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்பும் சீனியும் கலக்கி, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். "அக்கா, குடிச்சால்தான் தப்புவாய். வாந்தி வந்தாலும் குடி" என்று அதட்டினாள். இங்கே பிறந்த பெண்தான். இப்போது பேச்செல்லாம் அந்த ஊர்.

அன்று ஊரடங்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் தூரத்தில் படபடவென்று சத்தம். சீனப் புத்தாண்டு வெடி மாதிரிதான் இருந்தது. எட்டிப் பார்த்து முடிவு பண்ணலாம் என்று நான் சன்னலுக்குப் போனேன். பிலோமினம்மாள் என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் தரையில் தள்ளினாள். "அத்தான், விசரே உங்களுக்கு? சத்தம் கேட்டால் படுக்கிறது. பார்க்கிறதில்லை!" கொழுந்தியாளிடம் காலர் பிடியும் பைத்தியக்காரப் பட்டமும் வாங்கிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்தபடி நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சத்தம் ஓய்ந்து வெயில் ஏறிய நேரத்தில், கொல்லை வேலியைப் பிரித்துக்கொண்டு ஓர் ஆள் வந்தார். ஜமால் முகம்மது என்று பெயர், கடற்கரைப் பக்கத்துக்காரர். "மிஸ்ஸி, ரஷீதாவுக்கு வலி கண்டுட்டுது. தலைப்பிள்ளை. தண்ணிக்குடமும் உடைஞ்சு போச்சு" என்றார். மருத்துவச்சியை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரஷீதா அவர் மனைவி. இளம் வயசுக்காரர் ஊரடங்கில் ரோட்டில் நடக்கவே முடியாது. அதனால்தான் வேலி வேலியாகப் புகுந்து வந்திருந்தார், அதே வழியாகத் திரும்பியும் போனார். வழக்கமாக பிலோமினம்மாளோடு துணைக்குப் போகும் மருந்தகப் பெரியவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தான், வெள்ளைச் சட்டை போடுங்கோ. பாஸ்போட்டைக் கையில எடுங்கோ. வெளிநாட்டாள் கூட வந்தால் ஒருக்கா யோசிப்பாங்கள்."

நான் பிரிஜட்டைப் பார்த்தேன். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். போக வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். "போங்க," என்றாள் அவள். "நான் சாக மாட்டேன். போங்க லா."

குடையில் வெள்ளை வேட்டியைக் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓரமாக நடந்தால் பாதுகாப்பு என்று ஒதுங்கப் போனேன். "நடு ரோட்டால வாங்கோ. ஓரத்தால போறவனைத்தான் சந்தேகப்படுவாங்கள்" என்றாள். ஆள் இல்லாத ரோட்டின் நடுவில் வேட்டிக் கொடியோடு நானும், பையோடு அவளும், எங்கள் பின்னால் எதற்கென்றே தெரியாமல் ஒரு நாயும். வளைவில் மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து "நில்!" என்று ஒரு குரல் வந்தது. சின்னப் பையன் முகம், கையில் துப்பாக்கி. "எங்க போறது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். நான் உங்கள் உபதேசப்படி ஆங்கிலத்தில் அழகாக விளக்கினேன். அவனுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. நான் இன்னும் உரக்க விளக்கினேன். துப்பாக்கி வேட்டிக் கொடியிலிருந்து இறங்கி என் நெஞ்சுக்கு வந்தது.

"அத்தான், தமிழில சொல்லுங்கோ!"

தமிழ் வரவில்லை சம்பந்தி. பிறந்ததிலிருந்து பேசிய பாஷை ஒரு சொல் மிச்சம் வைக்காமல் ஓடிவிட்டது. கடைசியில் என் வாயில் வந்தது "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பதுதான். அதை முழுக்கச் சொல்லி ஆமென் வரைக்கும் போனேன். அவன் விழித்தான். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "பாதர்?" என்றான். ஆமாம் என்று தலையாட்ட எனக்கு எவ்வளவு ஆசை! பிலோமினம்மாள் விடவில்லை. "பாதர் இல்லை. அக்காட புருசன். சிங்கப்பூர். நான் மிஸ்ஸி. அங்க பேபி, பேபி" என்று பையைத் தரையில் வைத்துத் திறந்து காட்டிவிட்டுப் பின்வாங்கிக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அவன் கத்தரிக்கோலை எடுத்தான், பஞ்சை எடுத்தான், மருந்துப் புட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தான், கம்பியில்லாக் கருவியில் யாரிடமோ பேசினான். வியர்வை என் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இறக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் கத்திக்கொண்டிருப்பாள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் அவன் சாமான்களைப் பைக்குள் தானே அடுக்கி வைத்து, "கெதியா போ" என்று கையை வேகமாக ஆட்டினான்.

பிள்ளை கொடி சுற்றித்தான் பிறந்ததாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றாள் பிலோமினம்மாள். நான் அடுப்பங்கரையில் ஜமால் முகம்மதுவோடு தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்ததும் அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன். அவர் போட்டுத் தந்த வெறுந்தேநீரை மாத்திரை கலக்காமல் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஊரடங்கு தளர்ந்தபின் திரும்பி நடக்கும்போது, "பிலோ, வந்துடும்மா. அங்க உனக்கு ஒரு ரூம் ரெடியா இருக்கு" என்று கெஞ்சினேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "நான் வந்தால் இந்த ரோட்டால ஆர் நடக்கிறது அத்தான்?" என்றாள். பிரிஜட் தேறி எழுந்து உட்கார்ந்ததும் அவளும் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பிறகு தங்கையின் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்தாள். நாங்கள் இருவர் மட்டுமே விமானம் ஏறினோம்.

ஆகவே சம்பந்தி, என் தீர்மானங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இனிமேல் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தைக்கூடத் தாண்ட மாட்டேன். நமக்கு வேண்டிய தனசேகரனும் அவர் மனைவி ரத்தினம்மாவும் கொழும்புக்குப் போவதாக இருக்கிறார்கள், நீங்கள் அவர்களுக்கும் யோசனை சொல்லி வருகிறீர்கள் என்று கேள்வி. தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கச் சொன்னால் போதும். வெளியூர்ப் பயணம் பற்றி நம் இரு குடும்பங்களுக்குள் இனி ஒரு பேச்சும் வேண்டாம்.

மற்றபடி உங்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். என் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
இயேசுதாசன்

பி.கு.: தபால்தலை வாங்கக் கீழே இறங்கிப் போயிருந்த நேரத்தில் பிலோமினம்மாளிடமிருந்து டெலிபோன் வந்ததாம். துணைக்குப் போகும் மருந்தகப் பெரியவர் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அவள் இப்போது தனியாகத்தான் நடக்கிறாள். எங்களை வரச் சொல்லிக் கேட்கவில்லை. பிரிஜட்டோ வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பெட்டியையும் இறக்கிவிட்டாள். அடுத்த மாதம் புறப்படுகிறோம், மூன்று மாதம் இருப்போம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கூட வந்தாலே ஒருக்கா யோசிக்கிறார்கள் என்றால், இருவர் வந்தால் இன்னும் நல்லது அல்லவா? உங்கள் பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றே பார்த்து வைக்கவும். வெள்ளைச் சட்டை உங்களுக்கும் சேர்த்து என்னிடம் இருக்கிறது.