டி செல்லும் பூட்டிய மாப்பிள்ளையும்

எம்.எஸ்ஸி. முதல் வருஷம் படிக்கிறவனை, விருந்தாளி இருக்கும் வீட்டில் வாய் திறக்க விடக்கூடாது. விட்டதன் பலனை எங்கள் குடும்பம் அனுபவித்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு, அக்கா செல்வியைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாக வேண்டும். அக்காவுக்கு லூபஸ் என்ற தீராத நோய். கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். வந்த வரனெல்லாம் விஷயம் தெரிந்ததும் ஓடியிருந்தது. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "வெயில் அலர்ஜின்னு சொல்லிக்கிடுவோம். நீ வாயைத் தொறக்காதலே" என்று அப்பா என்னை எச்சரித்திருந்தார்.

நானாவது சும்மா இருப்பதாவது! உட்கார்வதும் எழுந்திருப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்த அக்காவின் போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளை, "கன்னத்துல என்ன செவப்பு?" என்று கேட்டதுதான் தாமதம்.

"லூபஸ்ங்க! ரத்தத்துல இருக்க டி செல்லுல ஜீன் கட்டுப்பாடு தளர்ந்துபோவுது. வாங்க, காட்டுதேன்." கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனேன். (அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

"இந்த ரூம்தான் ஒரு ஜீன். எல்லா செல்லுலயும் எல்லா ஜீனும் இருக்கும். வேண்டாததைப் பூட்டி வச்சிருக்கும். லூபஸ் வந்தா டி செல்லுல சில பூட்டு கழண்டுரும். கிருமியை அடிக்கவேண்டிய செல்லு சொந்த உடம்பையே அடிக்கக் கெளம்பிரும். நல்லாப் பூட்டினா எப்படி இருக்கும்னு பாருங்க!"

அவரை உள்ளே விட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினேன். திறக்கத் திருகினேன். சாவி பாதி பூட்டுக்குள், பாதி என் கையில்.

"ராகுகாலம் பொறக்கப்போவுது, எம் மகனை அடைச்சுட்டியே, படுபாவி!" என்று மாப்பிள்ளையின் அம்மா அலறினார். "அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேலே!" என்று அப்பா துண்டால் விளாசினார். ஆசாரி வீட்டுக்குச் சைக்கிளில் பறந்தேன். அவரோ, "பொண்ணு பாக்குற வீட்டுக் கதவை ராகுகாலத்துல தொடமாட்டேன். ஆறு மணிக்கு வாரேன்" என்று படுத்துவிட்டார்.

திரும்பி வந்தால், அக்கா உள்ளறை ஜன்னல் கம்பி வழியாகக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்!

"அவன் சொன்னது நெசந்தான். தெனம் மாத்திரை உண்டு. வெயில்ல வர ஏலாது. சில நாளு மூட்டு வலியில எந்திரிக்கவே முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மாப்பிள்ளை கேட்டார்: "எனக்கு ரசமும் சோறும்தான் வைக்கத் தெரியும். எந்திரிக்க முடியாத நாளைக்கு அது போதுமா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு ஆசாரி வந்து கதவைத் திறந்தபோது கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது.

நான் அதே டி செல்லை ஆராய்ந்து பேராசிரியரும் ஆகிவிட்டேன். வீட்டில் எனக்கு இன்றும் பெயர் 'பூட்டு'தான். அக்காவுக்கு நோய் கிளம்பிப் படுத்துவிடும் நாட்களில் அத்தான் போன் செய்வார்.

"ஏலே மாப்ளே, என்னைப் பூட்டத் தெரிஞ்சிச்சுல்ல? அந்த செல்லை எப்பலே பூட்டப்போற?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நான் போனை வைத்துவிட்டு மறுபடி ஆய்வகத்துக்குக் கிளம்புவேன்.