சுற்றிப் பார்க்க வந்தவர்

காலை ஐந்து ஐம்பது. தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லாட்ஜின் மாடிப்படியில் இறங்கி வந்த எனக்கு முதலில் தெரிந்தது, மானேஜர் மாணிக்கத்தின் பேனா வேறொருவர் கையில் இருப்பது. அந்தப் பேனாவை மாணிக்கம் யாருக்கும் தந்து நான் பார்த்ததில்லை. பேனாவை வைத்திருந்தவருக்கு எழுபதை நெருங்கும் வயது. முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட கருப்பு ஷூ, தலையில் தொப்பி. லாட்ஜ் பதிவேட்டில் மாணிக்கம் எழுதியிருந்த இரண்டு சொற்களை அவர் ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"வந்த காரணம் சொந்த வேலைன்னு போட்டிருக்கீங்க. அது தப்பு லா. வேலை செய்ய எனக்கு அனுமதி இல்ல. சுத்திப் பாக்கன்னு போடுங்க."

"எல்லாருக்கும் அப்பிடித்தாங்க போடறது. கல்யாணத்துக்கு வந்தாலும் அதான், கோர்ட்டுக்கு வந்தாலும் அதான்."

"அவங்க இந்த நாட்டுக்காரங்க. நான் டூரிஸ்ட்."

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். தருமபுரி மாவட்டத்தை டூரிஸ்ட் அளவுக்குச் சுற்றிப் பார்த்த மனிதர் அதற்கு முன்பும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஒகேனக்கல்லுக்கு அவர் போனது நாற்பது முறையாவது இருக்கும். தண்ணீர் வராத மாதத்தில் வெறும் பாறையைப் பார்க்கப் போனார். அதியமான் கோட்டை, தீர்த்தமலை, காரிமங்கலம் சந்தை என்று எதையும் விடவில்லை. பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டிகளை வரிசையாகப் படம் எடுத்தார். எதற்கு இத்தனை தக்காளி என்று மண்டிக்காரர் கேட்டாராம். "பார்த்ததுக்கு ஆதாரம் வேணும்ல" என்றாராம். பஸ் டிக்கெட், பரிசல் ரசீது, நுழைவுச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக ஒரு நீல ஃபைலில் இருந்தன. விசாவில் சுற்றுலா என்று போட்டிருக்கும்போது சுற்றாமல் இருந்தால் அது அரசாங்கத்தை ஏமாற்றுவது என்பது அவருடைய கணக்கு.

அவர் மலேசியாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' அங்கத்திய பேச்சு வழக்கம். அங்கே வேலை பர்மிட் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாத தமிழர்கள் பலர் கப்பலேறினார்கள். அவருடைய அம்மா ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பதினான்கு வயது மகனான இவர், பர்மிட் கிடைத்த அப்பாவோடு தங்கிவிட்டார். பிறகு வந்தது ஒரே கடிதம். அதில் கடத்தூர் போஸ்ட் என்று மட்டும் இருந்தது. மனைவி இறந்த பிறகு அந்தக் கடிதத்தோடு வந்து, டவுன் பஸ் டவுன் பஸ்ஸாக ஏறி இறங்கி, தங்கையைக் கண்டுபிடித்தார். கடத்தூரிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் போனால் வரும் ஊரில் அவள் இருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு தருமபுரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் டூரிஸ்ட் விடியற்காலையில் கடத்தூர் பஸ் பிடித்துப் போய், தங்கையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து, நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீல ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். பிறகு அவளை ஊரில் விட்டுவிட்டு மறுபடி லாட்ஜுக்கு வருவார். தங்கை வீட்டிலேயே படுத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"விசா ஃபாரத்துல லாட்ஜ் அட்ரஸ் கொடுத்திருக்கேன் லா. அங்க படுத்தா அது வேற அட்ரஸ்."

நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். அதே லாட்ஜில் மாத வாடகைக்கு மூன்றாவது மாடி அறை. செய்தி இல்லாத ஒரு நாளில் அவரோடு அந்த ஊருக்குப் போனேன். சின்னப்பொண்ணு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வந்துட்டாரு டூரிஸ்டு. இன்னைக்கு என்னத்தைப் பாக்கறதா உத்தேசம்? மாட்டுக் கொட்டாயைப் போன வாரமே பாத்தாச்சே."

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னைப் பாக்க டிக்கெட் வாங்கினீங்களா? அப்புறம் ஃபைல்ல என்னத்தை ஒட்டுவீங்க?"

அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அய்யா, இந்தக் கயித்தை ஒரு நிமிசம் பிடிங்க, தண்ணி மொண்டுட்டு வந்துடறேன்" என்று நீட்டினார். டூரிஸ்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும். டூரிஸ்ட் விசாவுல வேலை செய்யக் கூடாது."

பசு ஓடியது. அடுத்தவர் கேழ்வரகுக் கொல்லையில் புகுந்தது. அதைத் துரத்தப் பாதி ஊரே ஓடியது. டூரிஸ்டும் ஓடினார், ஷூவோடு. ஓடுவது வேலையில் சேராது என்று முடிவு செய்திருக்க வேண்டும். சின்னப்பொண்ணு சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

விசா முடியப் பத்து நாள் இருக்கும்போதே அவர் கொழும்புக்குக் கிளம்பிவிடுவார். இந்தியாவுக்குள் இருந்துகொண்டு அடுத்த சுற்றுலா விசா வாங்க முடியாது, வெளியே போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவுக்கே போகலாமே என்றால், "அங்க போனா மகன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவுல பூட்டிடுவான். இந்த வயசுல என்ன ஊர் சுத்தறதும்பான்" என்றார். இந்திய வம்சாவளிக்காரர்கள் விசா இல்லாமல் வந்து தங்கத் தரும் அட்டைக்கும் முயன்றார். அவருடைய அப்பாவோ தாத்தாவோ கடத்தூர்ப் பக்கம் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆகவே கொழும்பு. இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஒரு வாரத்தில் புது விசாவோடு வந்துவிட்டார். அந்த ஒரு வாரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துச் சின்னப்பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள்.

மூன்றாவது பயணத்துக்கு முன்பு அவர் முகம் சரியில்லை. போன தடவையே கொழும்பு விசா அதிகாரி, எதற்கு இத்தனை முறை என்று கேட்டாராம். வரவேற்பு மேசை முன்னால் இதை அவர் சொன்னதும் மாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு மனு போட்டா எல்லாம் சரியாயிடுங்க. ஊரே கையெழுத்துப் போட்டா எந்த ஆபீசரு மறுப்பாங்க? நம்ம நிருபர் சாரு எழுதுனா கல்லும் கரையுங்க."

எங்கள் மாவட்டத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் முதல் வைத்தியம் அதுதான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக வாசலில் நின்றால் தெரியும். பாதைக்கு மனு, பட்டாவுக்கு மனு, மனு கொடுத்ததற்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு மனு. கையெழுத்து கூடக் கூட நியாயமும் கூடும் என்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். முதல் பத்தியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும் என்பது என் தொழில். வந்தது. இவர் எங்கள் ஊர்க்காரர், எங்களில் ஒருவராக இங்கே வாழ்கிறார், வாரம் இருமுறை தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்கிறார், இவரைத் தவிர அவளுக்கு ஆள் இல்லை, இவர் இங்கேயே இருந்தாக வேண்டும். முப்பத்தேழு கையெழுத்து, பதினொரு கைரேகை, ஊராட்சித் தலைவரின் முத்திரை. சின்னப்பொண்ணு தன் பெயரைத் தானே எழுதினாள். அந்த ஒரு கையெழுத்து மூன்று பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நானே தட்டச்சு செய்து பின்னால் சேர்த்தேன்.

டூரிஸ்ட் இரண்டையும் நின்றபடியே படித்தார்.

"சார், இதுல நான் இங்க குடியிருக்கிற மாதிரி இருக்கே லா."

"அப்போதுதான் வலுவாக இருக்கும்" என்றேன். "கண்டிப்பாகக் கொடுங்கள்."

பத்திரிகைக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மனுவை நீல ஃபைலில், பரிசல் ரசீதுகளுக்கு மேல் வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து கொழும்பிலிருந்து லாட்ஜ் தொலைபேசிக்கு அழைத்தார். மாணிக்கம் பேசிக்கொண்டே எழுந்து நின்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"விசா ஆபீசுல மரியாதையாத்தான் பேசினாங்க சார். டீகூடக் கொடுத்தாங்க" என்றார் டூரிஸ்ட். "மனுவை மேசையில விரிச்சு வச்சு, இதுல எழுதியிருக்கிறது உண்மையான்னு கேட்டாங்க. உண்மைதான்னு சொன்னேன். அப்ப நீங்க டூரிஸ்ட் இல்லையே, விசா கிடையாதுன்னாங்க."

"ரசீதெல்லாம் காட்டினீர்களா?"

"காட்டினேன். தக்காளிப் படமும் காட்டினேன். நல்லா இருக்குன்னாங்க."

பிறகு அவர், "வெள்ளிக்கிழமை யாரு கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டார்.

அவர் கொழும்பிலேயே தங்கி மறுபடி விண்ணப்பித்தார். காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் மூன்று வாரமானது. இங்கே தக்காளி பறிப்புக் காலம் வந்தது. முறை வைத்து வந்த பெண்கள் விடிவதற்குள் கொல்லைக்குப் போயாக வேண்டும். ஒரு செவ்வாய் யாரும் இல்லை, நான் போனேன். அடுத்த வெள்ளியும் போனேன். பஸ்ஸில் சின்னப்பொண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற ஒவ்வொருவரையும் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

"என்னாங்க தம்பி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"நான் எழுதிய மனுவால்தான் இப்படி ஆனது."

"அதுல பொய் ஏதும் எழுதுனீங்களா?"

"இல்லை."

"எல்லாம் நெசந்தானே? அப்புறம் என்ன. எங்கண்ணனை ஊர்க்காரர்னு முப்பத்தேழு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்கப்பன் இந்த ஊர்க்காரர்னு ஒருத்தன் எழுதி வைக்கல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அந்த மனுசன் ஷூவை யாரு அங்க துடைச்சுக் குடுக்கறாங்களோ. இங்க வந்தா நாந்தான் துடைப்பேன். அது வேலை இல்லையாம்."

அதற்கடுத்த செவ்வாய் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்தார். வெள்ளிக்கிழமை நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று காலை பாலக்கோட்டில் ஒரு திறப்பு விழா. செய்தி ஆசிரியர் விடவில்லை. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் போயிருப்பேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். விழாச் செய்தி மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது.

ஞாயிறு மதியம் மூச்சுத் திணறலோடு அவளை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். நான் போனபோது ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். பேச முடியவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கி, என் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். என் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இறந்தாள்.

அடக்கம் அன்று சாயங்காலமே. மாணிக்கம் லாட்ஜைப் பூட்டிவிட்டு வந்தார். அந்த லாட்ஜ் பூட்டியிருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். குழி மேட்டில் நின்று போனைப் பிடித்தேன். திரையில் கொழும்பில் ஏதோ ஒரு தெரு, பின்னால் ஆட்டோக்கள், நடுவில் தொப்பி இல்லாத டூரிஸ்ட். அவர் தலை முழு வழுக்கை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சிக்னல் இரண்டு முறை போனது.

"சார், கொஞ்சம் கீழ காட்டுங்க" என்றார். காட்டினேன். "போதும். நன்றி." பிறகு ஊர்க்காரர்கள் மண் போடுவதைப் பார்த்து, "நான் அங்க இருந்தா போட்டிருப்பேன் லா" என்றார். பசுவைத் தவறவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கு நேராகக் குனிந்து, "உங்களுக்காவ நான் ஒரு கை சேத்துப் போடறேங்க" என்று இரண்டு முறை அள்ளிப் போட்டார்.

டூரிஸ்ட் கொழும்பிலிருந்து மலேசியாவுக்கு, மகனிடம் திரும்பிப் போனார். சில மாதம் கழித்து அழைத்தார். சமாதியைப் பார்க்க வர வேண்டும், இந்த முறை அங்கிருந்தே விண்ணப்பிக்கிறேன், தங்கை சம்பந்தமாக என்ன காகிதம் இருந்தாலும் அனுப்புங்கள் என்றார். மனு எதுவும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுதித் தரவா என்று கேட்கவில்லை.

இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் உடலைப் பெற்றுக்கொண்டபோது தந்த ரசீதின் நகலையும் அனுப்பினேன். அதில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று இருக்கிறது.