கலையாத சபை

பிரிக்பீல்ட்ஸ்,
பவ வருஷம் ஆவணி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ கிள்ளான் மைத்துனர் ராதாகிருஷ்ணன் அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியும் கர்ப்ப சம்ரட்சண சபையின் காரியதரிசியுமான அய்யாவு அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் குழந்தைகள் ஆறு பேரும், அடுப்பு ஒன்று நீங்கலாக, சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அக்காவும், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கை தனலெட்சுமியும் சௌக்கியம்தானா என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தனத்தின் வயிற்றில் இருப்பது ஏழாவது என்றும், போன பிரசவத்தில் உதிரம் நிற்காமல் அவள் பிழைத்ததே மறுபிறப்பு என்றும், இன்னொன்றை அவள் உடம்பு தாங்காது என்று கிள்ளான் டாக்டரம்மா சொல்வதாகவும், தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கருவைக் கலைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது என்றும், ஆனால் புருஷன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அந்த அம்மாள் கை வைக்க மாட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், சட்டத்தில் இருக்கிற அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான் என்பது தங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்த ஒரு பிரசங்கி, கர்ப்பத்தடை என்றும் பெண்ணுக்குத் தன் உடம்பில் பாத்தியதை என்றும் இங்கே மேடை போட்டுப் பேசிவிட்டுக் கப்பலேறினார். அவர் கப்பலேறிய பிறகுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. உடனே சபை கண்டோம். அங்கத்தினர் எல்லோரும் ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் இந்த விஷயத்தை நிதானமாகப் பேச முடியாது என்று தலைவர் கார்த்திகேசு அபிப்பிராயப்பட்டார். போன ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கூடினோம். ஒருவர் பெண்ணைப் பூமாதேவி என்றார், ஒருவர் பராசக்தி என்றார், இன்னும் கல்யாணமே ஆகாத சின்னையா பிரசவ வேதனையின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி எங்கள் கண்களைக் குளமாக்கினார். அப்புறம் நான் எழுந்து, “எதையும் கலைக்கக் கூடாது, எக்காரணம் கொண்டும் கூடாது” என்ற தீர்மானத்தைப் படித்து, அதோடு “தாயின் உயிருக்கே ஆபத்தானாலும்” என்று ஒரு வரியையும் என் சொந்தப் பொறுப்பில் சேர்த்தேன். அப்படி ஒரு கைதட்டலை என் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை. தனம் முழுகாமல் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கைதட்டுகிற இடத்தில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா?

தலைவர் மணியை அடித்து, “இத்துடன் சபை கலையலாம்” என்றார். அப்போது வாசலில் ஒரு குரல். பார்த்தால், தலைவரின் சொந்தச் சம்சாரம் பவுனம்மாள்! பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேரும், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக.

“கலையலாமா? இப்பத்தானே எதையும் கலைக்கக் கூடாதுன்னு கை தூக்கினீங்க? எக்காரணம் கொண்டும்னு வேற சொன்னீங்க. உக்காருங்க எல்லாரும்.”

“பவுனு, அது வேற கலைக்கிறது, இது வேற கலைக்கிறது” என்றார் தலைவர்.

“அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் உள்ள ஒரு பொம்பளையாச்சும் இருந்திருக்கணும். கருவைக் காப்பாத்துற ஐயாமாரே, பொறந்ததையும் கொஞ்ச நேரம் பாத்துக்குங்க” என்று சொல்லி, பிள்ளைகளை எல்லாம் உள்ளே தள்ளி, வெளியே பூட்டுப் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று எழுதுவேன். சர்க்காருக்குப் போகவேண்டிய மனுவின்மேல் ஒன்று மையைக் கொட்ட, இன்னொன்று தலைவரின் தலைப்பாகையைப் பிரித்துத் தூளி கட்டச் சொல்லி அழ, பராசக்தி என்று பேசியவர் மடியை ஒன்று நனைக்க, சின்னையா ஜன்னல் வழியாகக் குதித்து, வேட்டியைக் கொக்கியில் விட்டுவிட்டு, மகிமை ஏதும் பேசாமல் ஓடினார். அந்த ஜன்னல் பக்கம்தான் தனம் வந்து நின்றாள்.

“எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்த ஆறு பேருக்கும் யாருங்க? உங்க சபையா?” என்று கேட்டாள்.

எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் காரியதரிசி. “அங்கத்தினர் அல்லாதவர் சபையில் கேள்வி கேட்க விதியில்லை” என்றேன். மறுநாள் காலை வண்டியில் கிள்ளானுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள். இது எந்த ஊர் நியாயம்?

அன்றிலிருந்து நான் படும் பாடு நாய் படாது. கஞ்சி அடிப்பிடிக்கிறது, அதைப் பார்க்கப் போனால் கடைக்குட்டி மண்ணெண்ணெயில் கை அலம்புகிறது, அதைத் தூக்கப் போனால் நடுவிலது சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்கிறது. நேற்று ஆபீசில் துரை முன்னால் முகம் துடைக்கக் கைக்குட்டை என்று எடுத்தால், வந்தது குழந்தையின் ஜட்டி. துரை ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

ஆகையால், மச்சான், சம்மதம் என்ற பேச்சே வேண்டாம். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. டாக்டரம்மா படித்தவராக இருக்கலாம். நாங்கள் தீர்மானம் போட்டவர்கள். தனத்தை அடுத்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பவும். எல்லாம் வல்ல முருகன் அருளால் அவள் இங்கேயே சுகமாகப் பெற்றுப் பிழைப்பாள் என்று தலைவரும் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறார். அக்காவுக்கு என் வணக்கமும், தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும் சேரட்டும். தாங்கள் தீர்க்காயுசாக இருந்து, இனிமேல் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாதிருக்கப் பிரார்த்திக்கும்,

அய்யாவு

— — — — — — — — — —

பின்குறிப்பு: தலைவர் இப்போதுதான் எழுந்து போனார். மேலே உள்ளதெல்லாம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி படித்தபோது எழுதியது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்த டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பாரா என்று கேட்டார். யாருக்கு என்றேன். “சும்மா கேட்டேன்” என்றார்.

மச்சான், எனக்குத் தனம் உயிரோடு வேண்டும். அவள் ஜன்னலில் நின்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் விதியைச் சொல்லியிருக்க மாட்டேன். டாக்டரம்மா சொல்கிறபடி தாமதமில்லாமல் செய்யட்டும். இதற்கு என் பூரண சம்மதம். சம்மதிக்க நான் யார் என்று தனம் கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஆனால் டாக்டரம்மா கேட்கிறாரே, அதற்காக எழுதுகிறேன். தனலெட்சுமியின் புருஷன், அய்யாவு.

முதல் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். அதில் மடித்துக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிடுங்கள். கீழ்ப்பாதியை உடனே டாக்டரம்மா கையில் கொடுங்கள். மேல்பாதியை மறுதபாலில் எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்; ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்க வேண்டும்.