சுவருக்குள் எட்டுப் பேர்

மத்தியானம் மூன்று மணியானால் கூடத்துச் சுவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஏசியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடும் நேரம். ஆள் உயரத்துக்கு ஒரு கோடு மட்டும் வெதுவெதுவென்று சுடும்.

"என்னங்க, சுவத்துக்குள்ள யாரோ இருக்காங்க" என்றாள் மனைவி.

வயர்மேனான கணவருக்குக் குப்பென்று வியர்த்தது. அடுத்தவர் வீட்டில் மனிதர் பெரிய வாத்தியார். "எட்டு வயரை ஒரே குழாயில திணிச்சா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு ஏறும். இருபது ஆம்பியர் தாங்குற வயரு பதினாலுதான் தாங்கும். தடிச்ச வயரு போடுங்க, ரெண்டு குழாயாப் பிரிங்க" என்று விரலை ஆட்டுவார். சொந்த வீட்டிலோ, சுவரை இன்னொரு தடவை வெட்டச் சோம்பல்பட்டு எட்டையும் ஒரே குழாயில் திணித்துப் பூசிவிட்டார். "ரெண்டு குழாய் போடுங்களேன்" என்று அன்றே கேட்டவளை, "உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கியவர் வேறு. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்வது?

"முன்னாடி இங்க குடியிருந்தவரோட ஆவி. கிட்டப் போகாதே" என்று அளந்துவிட்டார். அவள் அக்கா வீட்டுக்குப் போகும்போது சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்பது திட்டம்.

அவள் பயப்படவில்லை. மறுநாள் மூன்று மணிக்குச் சுவரில் காதை வைத்தாள்.

"பாவம், பேசுறாங்க."

"எ... என்னவாம்?"

"ஒருத்தர் இல்லையாம், எட்டுப் பேராம். நாலு பேர் சிவப்பு, நாலு பேர் கறுப்பு. மூச்சு முட்டுதாம்."

எட்டு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பூசியதும் அவரே. கையைச் சுவரில் வைத்தார். உள்ளிருந்து மெல்லிய முனகல் உள்ளங்கையில் ஏறியது. விரல்களுக்கு அடியில் பெயின்ட் மெதுவாக உப்பியது. முடி கருகும் வாசனை வந்தது.

"இன்னிக்கே விடலேன்னா வீட்டை எரிச்சுட்டு வெளிய வருவாங்களாம்" என்றாள் அவள், சுவரைத் தடவியபடி.

மெயினை அணைத்துவிட்டு உளியை எடுத்தார். குழாயைப் பிளந்து பார்த்தால், எட்டும் உருகி, ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி கிடந்தன. "என் தப்புதான்!" என்று அலறியே விட்டார். பொழுது சாய்வதற்குள் இரண்டு குழாய், தடித்த வயர். சுவர் ஜில்லிட்டது.

"போயிட்டாங்களா?" என்றார் ஈனக்குரலில்.

"யாரு? நீங்க இல்லாதப்ப மெயினை அணைச்சுட்டு சுவிட்சுப் பெட்டி மூடியைக் கழட்டி எண்ணினேன், நாலு சிவப்பு, நாலு கறுப்பு, எட்டு வயரு. நான் சொன்னா உங்க காதுல ஏறாது. செத்தவங்க சொன்னா ஒரே நாள்ல ரெண்டு குழாய் வருது!"