செல்லாத ஓட்டம்

“அந்த ஓட்டம் செல்லாதுங்க” என்று சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது ஆதிகேசவனுக்கு உறைத்தது. எதிரே மூச்சு வாங்க நின்றவர் முதலாளியின் மாப்பிள்ளை நிசார் அஹமது.

ஆதிகேசவன் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கெழுதும் ரைட்டர். சரக்குப் பார்க்க வந்த அமெரிக்கத் துரைக்குத் தம் ஊர் பேஸ்பால் ஆட ஆசை வந்துவிட்டது. தோல் காயவைக்கும் திடலில் நான்கு மூலைக்கும் மணல் அடைத்த கோணிச் சாக்கு போட்டார்கள். பந்தை அடித்தவன் மூன்று சாக்கையும் தொட்டு ஓடிவந்து கடைசிச் சாக்கை மிதித்தால் ஒரு ஓட்டம். ஒரு கட்சிக்குத் துரை, மறு கட்சிக்கு மாப்பிள்ளை. இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு ஆதிகேசவன் நடுவர். காலையிலிருந்து வெயிலில் நின்று அவருக்குக் கால் கடுத்துப் போயிருந்தது.

துரை கட்சி ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. கடைசி ஆட்டத்தில் மாப்பிள்ளை கட்சியில் இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மாப்பிள்ளை மூன்றாவது சாக்கில் நின்றார். அவர் கட்சியில் ஆடிய தொழிலாளி சின்னசாமி பந்தை அடித்தான். மாப்பிள்ளை பாய்ந்து வந்து கடைசிச் சாக்கை மிதித்தார். சின்னசாமியோ அடித்த இடத்திலேயே நின்றான். துரை கட்சி எடுத்து எறிந்த பந்து முதல் சாக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

“நான் முந்தியே மிதிச்சிட்டேன். அவன் அவுட்டுன்னா எனக்கு இன்னா?”

“அடிச்சவன் மொத சாக்குக்கு ஓடியே ஆவணுங்க. அவனுக்கு முந்தி பந்து போய்ட்டிச்சி. மூணாவது அவுட்டு இப்படி விழுந்தா, யார் வந்து மிதிச்சாலும் ஓட்டம் கெடையாதுங்க.”

“அவன் நின்னதுக்கு என் ஓட்டத்தப் புடுங்குவியா? நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா ரைட்டரு?”

ஆதிகேசவனுக்கு மூன்று பெண்கள். “செல்லுங்க” என்றார்.

துரை சட்டப் புத்தகத்தோடு வந்து, பக்கத்தைப் பிரித்து விரலால் குத்தினார். ஆதிகேசவன் படித்தார். “செல்லாது.”

மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார்.

“பாதி செல்லும்” என்றார் ஆதிகேசவன்.

துரை புத்தகத்தைப் படாரென்று மூடினார். காரில் ஏறி, ஸ்டேஷனுக்கு விடச் சொன்னார்.

“பாதிய நீயே வெச்சிக்க!” மாப்பிள்ளை மட்டையை எறிந்துவிட்டு நடந்தார்.

ஆதிகேசவன் அங்கேயே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். சின்னசாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

“ஏம்பா, நாலு எட்டு ஓடியிருந்தா எனக்கு இவ்ளோ பேஜார் உண்டா? ஏன் மரமாட்டம் நின்ன?”

“மொதலாளிதாங்க ஓடாதேன்னாரு. தொரை ஜெயிச்சாத்தான் தோலுக்கு ஆர்டர் குடுப்பாராம்.”